முதலாளியின் நேரம்: தாராப்பூர் சோதனையும் ஒரு இளம்பிள்ளைத் தறிக்கூடமும்

சேலத்தைச் சுற்றியுள்ள இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி, ஜலகண்டபுரம் பக்கத்துத் தறிக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால் எல்லோரும் வெளியே கை காட்டுவார்கள்: நூல் விலை, வரி, ஆள் தட்டுப்பாடு, சூரத்திலிருந்து வந்து இறங்கும் சேலை. எல்லாமே உண்மைதான், ஒன்றையும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே தெருவில், ஒரே வியாபாரியிடம் ஒரே விலைக்கு நூல் எடுத்து, ஒரே மாதிரி தறியில் ஒரே ரகச் சேலை நெய்து விற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு வருஷக் கடைசியில் கையில் காசு நிற்கிறது, இன்னொருவர் வட்டி கட்டவே திணறுகிறார். இருவருக்கும் வெளி உலகம் ஒன்றுதானே? அப்புறம் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ந்து வருபவர் நிக்கோலஸ் ப்ளூம். லண்டனில் பிறந்தவர், இப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். அவருடைய வேலை முக்கியமாக மூன்று தடங்களில் ஓடுகிறது: நிறுவனங்களை நடத்தும் முறை, புதுமை, பொருளாதார நிச்சயமின்மை. வகுப்பறையில் இவை மூன்றும் தனித்தனிப் பாடம். தறிக்கூடத்துக்குள் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே ஆளின் ஒரே நாளுக்காகப் போட்டி போடுகின்றன. அந்த ஆள் முதலாளி. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்: நம் ஊர்ச் சிறுதொழிலில் காசைவிடத் தட்டுப்பாடான சரக்கு முதலாளியின் நேரம். நிச்சயமின்மை முதலில் தின்று தீர்ப்பது அதைத்தான்.

முதலில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2007-ல் ப்ளூமும் இன்னொரு பொருளியலாளரான ஜான் வான் ரீனனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளில் 732 நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள், ஒவ்வொன்றின் மேலாளருக்கும் ஒரு போன், 18 நடைமுறைகளைப் பற்றிய பேச்சு, ஒவ்வொரு நடைமுறைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பேசுகிறவருக்குத் தனக்கு மதிப்பெண் போடப்படுகிறது என்று தெரியாது. கேட்கிறவருக்கு அந்த நிறுவனத்தின் லாப நஷ்டம் தெரியாது. கேள்விகளும் 'உங்கள் நிர்வாகம் நல்லதா' என்கிற மாதிரி இருக்காது. 'உற்பத்தியை எப்படிக் கவனிக்கிறீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்கள்' என்று பேச்சை வளர்த்து, நடப்பதை வாயிலிருந்து எடுப்பார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த முறையின் அருமை நன்றாகத் தெரியும். நேராகக் கேட்டால் யாரும் நேராகச் சொல்வதில்லை.

மதிப்பெண் அதிகம் உள்ள நிறுவனங்களில் உற்பத்தித்திறனும் லாபமும் அதிகமாக இருந்தன, தாக்குப்பிடித்து நிற்கும் வாய்ப்பும் கூடுதல். சந்தையில் போட்டி குறைவாக இருக்கும் இடத்திலும், மூத்த மகன் என்பதற்காகவே ஒருவர் கைக்கு நிர்வாகம் போன இடத்திலும் மதிப்பெண் இறங்கிக் கிடந்தது. பிறகு இந்தக் கணக்கெடுப்பு 30-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தது, இந்தியாவும் அதில் உண்டு. பேட்டியின் கடைசியில் 'உங்கள் நிறுவனத்துக்கு நீங்களே 10-க்கு எவ்வளவு போடுவீர்கள்' என்றும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் 7 சொல்லியிருக்கிறார்கள். அந்த 7-க்கும் உண்மையான மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை.

சரி, நன்றாக நடத்துவதால் லாபம் வருகிறதா, லாபம் வருவதால் நன்றாக நடத்த வசதி வருகிறதா? போன் பேட்டியை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் ப்ளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கன்ஸி, ஜான் ராபர்ட்ஸ் ஐந்து பேரும் மும்பைக்கு வடக்கே போனார்கள். மகாராஷ்டிராவின் தாராப்பூர், குஜராத் எல்லைக்குள் இருக்கும் உம்பர்காவ், இரண்டும் ஜவுளி ஊர்கள். 100 முதல் 1,000 பேர் வரை வேலை செய்யும் நெசவு ஆலைகளில் 66 நிறுவனங்களைத் தேர்ந்து தொடர்பு கொண்டார்கள். ஒத்துக்கொண்டவை 17. அந்த 17-க்கும் மொத்தம் 28 ஆலைகள். இலவச ஆலோசனை, அதுவும் அக்சென்ச்சர் மாதிரி ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்து சொல்லித் தருவார்கள், அப்படியிருந்தும் நாலில் ஒரு பங்குதான் சரி என்றது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. இலவசமாக யாராவது கூடத்துக்குள் வந்து பார்க்கிறேன் என்றால் நம் ஊரிலும் முதல் சந்தேகம் வருமான வரி ஆளோ என்பதுதான்.

உள்ளே போன ஆலோசகர்கள் 38 நடைமுறைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். இயந்திரத்தை ஓட்டும் முறை, தரம், இருப்பு, ஆள் விவகாரம், ஆர்டர் நிர்வாகம் என்று ஐந்து வகை. எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. பழுதுகளைத் தறி வாரியாக எழுதி வைக்கிறீர்களா, தினமும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசுகிறீர்களா, இயந்திரம் நிற்பதற்கு முன்பே பராமரிப்பு செய்கிறீர்களா, நூல் இருப்புக்குக் கணக்கு உண்டா, உதிரிபாகங்கள் எடுக்கத் தோதாக அடுக்கியிருக்கிறதா, இப்படி. இதில் சராசரியாக நாலில் ஒரு பங்குதான் அந்த ஆலைகளில் நடைமுறையில் இருந்தது. நூல் கிடங்கில் பெயர்ச்சீட்டு இல்லாத கோன்கள் குவிந்து கிடந்தன. தரையில் குப்பை, பாதையில் பழைய சாமான். உற்பத்தி ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பேர் நெய்த துணியில் பழுதைத் தேடிச் சரிசெய்யும் வேலையிலேயே இருந்தார்கள். பழுது ஏன் வருகிறது என்று தேட மட்டும் யாரும் இல்லை.

குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு மாதம் குறைகளைக் கண்டறிந்து சொன்னதோடு சரி. இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து நான்கு மாதம் கூடவே இருந்து செய்து காட்டினார்கள். முழு உதவி கிடைத்த ஆலைகளில் நடைமுறைகளின் அளவு 25.6 சதவீதத்திலிருந்து 63.4 சதவீதத்துக்கு ஏறியது. முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஓர் ஆலைக்கு வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல் கூடுதல் லாபம் வந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் அந்த நிறுவனங்கள் புது ஆலைகளும் திறந்தன. கட்டுரை 2013-ல் வந்தது.

இவ்வளவு லாபம் இருந்தால் ஏன் முன்பே செய்யவில்லை? ஆய்வாளர்களும் இதைத்தான் துருவினார்கள். சில முறைகளைப் பற்றி முதலாளிகள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவற்றிலும், 'பக்கத்து ஆலையைவிட நம் துணி மோசமில்லையே, அப்புறம் எதற்கு' என்ற எண்ணம். இந்த இரண்டாவது பதிலை நான் சேலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். நான் கணக்குப் பார்க்கும் ஒரு தறிக்கூடம் இளம்பிள்ளைப் பக்கம். ஜக்கார்டு தறிகள், அதாவது சேலையில் பூவும் பார்டரும் போடும் அமைப்பு உள்ளவை, ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) சேலை, நூல் பெரும்பாலும் சூரத்திலிருந்து. முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு நான் தம்பி. தாராப்பூர் சோதனையைப் பற்றி அவரிடம் சொன்னபோது பெரிதாகச் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "தம்பி, அது நூத்துக்கணக்குல ஆள் வெச்சிருக்கிற மில்லு. நம்ம கூடத்துல எனக்குத் தெரியாம ஒரு இழை அறுமா?" என்றார். அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: போன மாதம் டேமேஜில் போன சேலைகள் எந்தத் தறியில் நெய்தது? அவரிடமும் பதில் இல்லை, மேஸ்திரியிடமும் இல்லை. டேமேஜ் மொத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது குறைந்த விலைக்கு விற்று என் கணக்கில் வந்துவிடும். எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்தோம். தறி எண், ஷிப்ட், என்ன பழுது, அவ்வளவுதான் தலைப்பு. இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்ப் பாடத்தை அப்படியே இறக்கினால் இந்த இடத்தில்தான் உடையும். நம் பக்கம் நெசவுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. டேமேஜ் வந்தால் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. அப்படியிருக்க, பழுதை எழுதி வை என்று நெசவாளியிடம் சொன்னால் அவர் காதில் விழுவது 'உன் கூலியை நீயே வெட்டிக்கொள்' என்பதுதான். யார் எழுதுவார்? பழுதை மடிப்புக்குள் மறைத்துக் கட்டிவிடுவார், அது கடைக்காரர் கைக்குப் போய்த் திரும்பி வரும், அங்கே இன்னும் பெரிய நஷ்டம். எனவே நோட்டில் எழுதிய பழுதுக்குப் பிடித்தம் கிடையாது என்று அண்ணாவை எல்லோர் முன்னாலும் சொல்லவைத்தேன். அவருக்கு அது கசந்தது. இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கு இல்லாமல் நோட்டில் ஒரு வரிகூட உண்மையாக விழுந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. தகவல் வேண்டுமென்றால் தகவல் தருகிறவரைத் தண்டிக்கக் கூடாது.

எழுதத் தொடங்கிய பிறகு தெரிந்தது எதுவும் பெரிய ரகசியம் இல்லை. பழுது எல்லாத் தறியிலும் பரவலாக வரவில்லை, சில தறிகளிலேயே திரும்பத் திரும்ப வந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தை ஒட்டி அதிகம், ஏனென்றால் போகிறவர் ஊடை (குறுக்கு நூல்) தீரும் நிலையில் விட்டுப் போவார், வருகிறவர் கவனிப்பதற்குள் சேலையில் கோடு விழுந்திருக்கும். ஒரு தறியில் ஜக்கார்டு கயிறு ஒன்று தேய்ந்து, பார்டரில் ஒரே இடத்தில் பூ உடைந்துகொண்டே இருந்தது. அதை மேஸ்திரி பலமுறை ஒட்டுப்போட்டிருக்கிறார், மாற்றவில்லை. மாற்றக் கயிறு இருக்கிறதா என்று தேட அவருக்கு அரைநாள் வேண்டும், ஏனென்றால் உதிரி சாமான் எல்லாம் ஒரே சாக்கில். நூல் அறையிலும் அதே கதை. அரக்குக் கலர் கோன் உள்ளே அடியில் கிடக்க, இல்லை என்று நினைத்து மறுபடி வாங்கியிருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, கூடம் பளிச்சென்று ஆகும். அன்றைக்குத் தொலைந்த சாமானெல்லாம் கிடைக்கும். அடுத்த வாரம் பழைய நிலை.

அலமாரி போட்டோம், கோனுக்குச் சீட்டு ஒட்டினோம், காலையில் அண்ணாவும் மேஸ்திரியும் நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுவது வழக்கமானது. டேமேஜ் குறைந்தது என் கணக்கிலேயே தெரிந்தது. ஆடி மாதம் பிறந்து தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கியபோது அண்ணா முகத்தில் ஒரு தெம்பு இருந்தது, பக்கத்தில் இன்னொரு கூடம் எடுக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

பிறகு நோட்டு நின்றுபோனது.

நின்றதற்கு யாரும் சோம்பேறி என்பது காரணமில்லை. இங்கேதான் ப்ளூமின் இன்னொரு தடம் வந்து சேர்கிறது. 2009-ல் அவர் வெளியிட்ட கட்டுரை நிச்சயமின்மை அதிர்ச்சிகளைப் பற்றியது. நாளை என்ன ஆகும் என்பது திடீரென்று மங்கலாகும்போது நிறுவனங்கள் முதலீட்டையும் ஆள் எடுப்பதையும் நிறுத்தி வைக்கின்றன, உற்பத்தி சட்டென்று இறங்கி, சில மாதங்களில் மீண்டும் எழுகிறது என்று காட்டினார். காரணம் எளிது. தறி வாங்கிவிட்டால் திருப்பித் தர முடியாது, விற்கப் போனால் இரும்பு விலைதான். திரும்பப் பெற முடியாத செலவு என்றால் காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: எல்லோரும் காத்திருக்கும் நிலையில் இருக்கும்போது வட்டியைக் குறைத்தாலும் மானியம் கொடுத்தாலும் வழக்கம்போல் அசைய மாட்டார்கள். ஸ்காட் பேக்கர், ஸ்டீவன் டேவிஸ் இருவரோடு சேர்ந்து 2016-ல் ப்ளூம் வெளியிட்ட குறியீடு அரசுக் கொள்கையால் வரும் நிச்சயமின்மையை அளக்கிறது. பொருளாதாரம், கொள்கை, நிச்சயமின்மை சார்ந்த சொற்கள் சேர்ந்து வரும் செய்திகள் நாளிதழ்களில் எத்தனை என்று எண்ணுவதுதான் முறை. இந்தியாவுக்கும் அப்படி ஒரு குறியீடு இருக்கிறது.

நம் ஊருக்கு எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2021-22-ல் நூல் விலை ஏற்றம். எனக்கு மறக்க முடியாதது 2021 கடைசி. ஜவுளிக்கு 5 சதவீதமாக இருந்த வரி 2022 ஜனவரி 1 முதல் 12 ஆகும் என்று நவம்பர் 18-ல் அறிவிப்பு வந்தது. டிசம்பர் 31-ல், அமலாவதற்கு முந்தின நாள், ஜி.எஸ்.டி. கவுன்சில் அதைத் தள்ளிவைத்தது. அதாவது வரி ஏறவே இல்லை. ஆனால் அந்த ஆறு வாரமும் கடைக்காரர் ஆர்டர் உறுதி செய்யவில்லை, பொங்கல் சரக்குக்கு என்ன விலை போடுவது என்று தெரியவில்லை, என் போன் ஓயவில்லை. ஏறாத வரியால் வந்த நஷ்டம் எந்த அரசுக் கணக்கிலும் இருக்காது. பாலியஸ்டர் நூலுக்கு 12, துணிக்கு 5 என்று தலைகீழாக இருந்த வரி வேறு பாடாய்ப் படுத்தியது. நூலில் கட்டிய வரி துணியில் கழியாமல் தேங்கும், ரீஃபண்டு கேட்டு அலைய வேண்டும். 2025 செப்டம்பர் 22-ல்தான் நூலும் 5-க்கு வந்தது.

கொள்கையை வகுப்பவர்கள் இதை முதலீடு தள்ளிப்போகிற பிரச்சினையாகப் பார்க்கிறார்கள், அது சரிதான். அண்ணாவும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்த ரேப்பியர் தறி (நாடா இல்லாமல் வேகமாக நெய்வது) வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்தான். ஆனால் கூடத்துக்குள் நான் கண்டது வேறு. நூல் விலை தினம் ஒன்றாக இருக்கும்போது அண்ணா காலையில் கூடத்தில் இருக்க மாட்டார். சூரத்துக்குப் போன், கடைக்காரருக்குப் போன், ஏஜென்டைப் பார்க்க ஈரோடு, பணம் புரட்டச் செவ்வாய்ப்பேட்டை. காலைப் பேச்சு வாரத்துக்கு இரண்டு முறை ஆனது, பிறகு நின்றது. பேச்சு நின்றதும் நோட்டில் எழுதுவது நின்றது, ஏனென்றால் யாரும் படிக்காத நோட்டில் எழுத எந்த நெசவாளிக்கும் மனசு வராது. அதே சமயம் மேஸ்திரி வேறு கூடத்துக்குப் போய்விட்டார், அங்கே முன்பணம் அதிகம். புதிதாக வந்தவருக்குச் சீட்டு ஒட்டிய அலமாரி எதற்கென்று சொல்ல ஆள் இல்லை. அது மறுபடி சாக்கு ஆனது.

2020-ல் வந்த தொடர் ஆய்வைப் படித்தபோது நான் அதிர்ந்ததற்கு இதுதான் காரணம். ஆய்வாளர்கள் 2017-ல் அதே ஆலைகளுக்குத் திரும்பப் போயிருக்கிறார்கள். சோதனை நடந்த ஆலைகளில் எடுத்துக்கொண்ட நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தது. சொல்லப்பட்ட முக்கியமான காரணங்கள் இரண்டு: மேலாளர் மாறியது, முதலாளிக்கு நேரமில்லாதது. தாராப்பூரும் இளம்பிள்ளையும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. ஆனாலும் உதவி பெற்ற ஆலைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையில் பெரிய இடைவெளி இன்னும் மிச்சமிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாதி போனது, பாதி நின்றது. அண்ணா கூடத்திலும் அப்படித்தான்: நூல் கோனுக்குச் சீட்டு ஒட்டுவது இன்றும் நிற்கவில்லை, ஏனென்றால் அதற்கு யாரும் தினம் கூட வந்து நிற்க வேண்டியதில்லை. முதலாளியின் நேரத்தைக் கேட்காத பழக்கம் தங்கிவிட்டது, கேட்ட பழக்கம் உதிர்ந்துவிட்டது. எதைச் சொல்லித்தருவது என்று தீர்மானிக்கிற எந்த அரசுத் திட்டமும் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொடர் ஆய்வில் இன்னொரு முடிவு இருக்கிறது, அதைப் பற்றிப் பேசினால் புதுமை என்கிற மூன்றாவது தடம் வந்துவிடும். நடைமுறைகள் ஒரே நிறுவனத்தின் ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்குப் பரவியிருந்தன. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் பரவியது மிகக் குறைவு. இளம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இங்கே ஒரு கூடத்தில் புது டிசைன் இறங்கி, சேலை வாட்ஸப்பில் ஏறினால் சில நாளில் பத்துக் கூடத்தில் அதே பூ, அதே பார்டர். டிசைன் அவ்வளவு வேகமாகப் பரவுகிற ஊரில் ஒரு நோட்டுப் புத்தகம் ஏன் பரவவில்லை? டிசைன் கடைத்தெருவில் தொங்குகிறது, வாங்கிப் பிரித்துப் பார்த்தால் போதும். பழுது குறைந்த கூடத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நெய்த சேலை சேலையாகத்தான் இருக்கும். எப்படிக் குறைத்தார் என்பது நாலு சுவருக்குள் இருக்கிறது, முதலாளியும் பக்கத்துக்காரரிடம் சொல்ல மாட்டார், சொன்னாலும் நோட்டுப் போட்டதால் லாபம் வந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். புதுமை என்றால் புதுப் பொருள் என்று மட்டும் நாம் நினைக்கிறவரை, காப்பியடிக்கவே ஆள் இல்லாமல் இந்த வகைப் புதுமை கிடக்கும்.

உலக அளவிலும் புதுமை மலிவாக வருவதில்லை. 2020-ல் ப்ளூம், சார்லஸ் ஜோன்ஸ், வான் ரீனன், மைக்கேல் வெப் நால்வரும் எழுதிய கட்டுரைப்படி, கணினிச் சில்லுகளின் அடர்த்தி வழக்கமான வேகத்தில் இரட்டிப்பாக 1970-களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப்போல் 18 மடங்குக்கும் மேல் ஆராய்ச்சியாளர்கள் இப்போது தேவைப்படுகிறார்கள். அங்கேயே அப்படி என்றால், ஏற்கெனவே கண்டுபிடித்துக் கையில் இருக்கிற எளிய முறைகளை நாம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சூரத் போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: சீன இறக்குமதி 12 ஐரோப்பிய நாடுகளை எப்படிப் பாதித்தது என்று ப்ளூமும் மிர்கோ டிராக்காவும் வான் ரீனனும் ஆராய்ந்தபோது, போட்டியில் மாட்டிய நிறுவனங்களுக்குள் காப்புரிமையும் கணினிப் பயன்பாடும் கூடியிருந்தன, தொழில்நுட்பத்தில் பின்தங்கியவை ஆள் இழந்து சுருங்கின. அடி வாங்கினால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள் என்று இதற்குப் பொருளில்லை.

திரும்ப நேரத்துக்கே வருகிறேன். முதலாளிக்கு நேரமில்லை என்றால் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டியதுதானே? தாராப்பூரில் இதையும் பார்த்தார்கள். ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாகிறது என்பதோடு ஒட்டி நின்றது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. வெளி ஆளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க முதலாளிகள் தயங்கினார்கள், மேலாளர் நூலைக் களவாடினால் கோர்ட்டுக்குப் போய் நியாயம் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். எனவே தம்பி, மகன், மருமகன் எத்தனை பேரோ அத்தனை ஆலை.

சேலத்தில் அந்தக் கணக்கும் இப்போது உதவாது. அண்ணாவுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. அவர்கள் திரும்பி வந்து தறி பார்க்க மாட்டார்கள், வர வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. இரண்டாவது கூடம் பேச்சு அங்கேயே நின்றது. பணம் புரட்டியிருக்கலாம், ஆர்டரும் இருந்தது, கூடத்தில் நிற்க நம்பிக்கையான ஆள் இல்லை.

இந்த ஆய்வுகளுக்கு எல்லைகள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 17 நிறுவனங்கள் என்பது சிறிய எண்ணிக்கை. அவை நம் கூடங்களைவிடப் பலமடங்கு பெரியவை. ஆலோசனை இலவசமாகக் கிடைத்தது, நம் கூடம் ஒன்றுக்கு அப்படி ஆள் வைத்தால் ஒரு வருஷ லாபமும் போதாது. கூடிய லாபத்தில் நெசவாளிக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது தனிக் கேள்வி. அண்ணா கூடத்தில் பிடித்தம் நின்றதே அவர்களுக்குக் கூலி உயர்வு மாதிரிதான், ஆனால் அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கூடத்தில் நோட்டு மறுபடி திறந்தது. திறந்தவர் அண்ணி. தார் சுற்றுவது (ஊடை நூலைச் சுற்றித் தருவது), நூல் எடை போட்டுக் கொடுப்பது, வாரக் கூலி பட்டுவாடா, இதெல்லாம் பல வருஷமாக அவர் கையில்தான். எந்தத் தறி என்ன சத்தம் போடும் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடுவார். ஆனாலும் 'நம்பிக்கையான ஆள் இல்லை' என்று அண்ணாவும் நானும் பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு நாள் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அந்த நோட்டை எங்கிட்டக் குடுங்க, காலையில நான் கேக்கறேன்" என்றார், அவ்வளவுதான். மேஸ்திரி முதலில் தயங்கினார், முதலாளியிடம்தான் பேசுவேன் என்றார். தேய்ந்த சாமானை மாற்ற ஒரு சிறு தொகை வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம் என்று அண்ணி அவருக்கு அதிகாரம் கொடுத்த பிறகு தயக்கம் போய்விட்டது. அண்ணா அத்தனை வருஷத்தில் அந்த அதிகாரத்தை எந்த மேஸ்திரிக்கும் கொடுத்ததில்லை. இப்போது அண்ணா சூரத்துக்குப் போனாலும் காலைப் பேச்சு நடக்கிறது. எந்தத் தறியை நிறுத்திச் சரிபார்ப்பது என்று அண்ணிதான் சொல்கிறார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: மாதக் கணக்கில் டேமேஜ் சேலைக்குத் தறி வாரியாகத் தனிப் பக்கம் வேண்டும், வரி ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே தன் கைக்கு வர வேண்டும். இந்த மாதத்திலிருந்து அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன், மற்றக் கூடங்களிலும் அந்தப் பக்கத்தை யாரிடம் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.